மில்க்வீட் செடியில் காணப்படும் சிவப்பு நீள்கொம்பு வண்டு: அடையாளம் காண உதவி தேவை

செடிப்பிரியை (சாட்ஸ்வொர்த், டர்பன்):

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் வசிக்கும் என் மகன், தன் வீட்டுப் பின்புறத்தில் தானாகவே முளைத்துப் பரவியிருக்கும் மில்க்வீட் செடிகளில் ஜூலை மாதத்தில் எடுத்த சில நிழற்படங்களை எனக்கு அனுப்பியிருக்கிறான். அகன்ற இலையும், இளஞ்சிவப்புப் பூங்கொத்தும், கிள்ளினால் வெள்ளைப் பாலும் உள்ள செடி அது. அதன் பூக்களின் மேலும் இலைகளின் மேலும் செந்நிற வண்டுகள் பெரும்பாலும் இணையிணையாக அமர்ந்திருக்கின்றன. நீளமான உடல் முழுவதும் சிவப்பு. முதுகில் கறுப்புப் புள்ளிகள். கால்களும் உணர்கொம்புகளும் கறுப்பு. அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படத்தில் உடலின் நீளம் 13 மில்லிமீட்டர் அளவில் தெரிகிறது. பேரன் ஒன்றைப் பிடித்து விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டபோது அது கீச்சென்று மெல்லிய ஒலி எழுப்பியதாம். பல இலைகளில் நுனிப்பகுதி மட்டும் தின்னப்பட்டு, கடித்த இடத்தில் பால் உறைந்து கிடக்கிறது.

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்ணத்துப்பூச்சிகள் வரட்டும் என்று நான் சாட்ஸ்வொர்த்தில் வளர்த்துவரும் பலூன் செடியிலும், முள் போன்ற மயிர் மூடிய உருண்டைக் காய்களைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமான பூச்சிகள் கூட்டமாக இருக்கின்றன. இரண்டும் ஒரே பூச்சிதான் என்று என் கொழுந்தனார் உறுதியாகச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை; ஆனால் ஏன் தோன்றவில்லை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. மகன் அந்த மில்க்வீட் விதைகளை அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்கிறான். விதையோடு இந்த வண்டும் வந்து சேருமோ என்பது என் கவலை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


ஃபீனிக்ஸ் தோட்டக்காரர்:

வணக்கம் அம்மா. சிவப்பு உடலும் கறுப்புப் புள்ளிகளும் என்றால், மில்க்வீட் செடியில் வாழும் இலைவண்டாக இருக்கலாம். பார்ப்பதற்குப் பெரிய பொறிவண்டைப் போல இருக்கும் அந்த இனத்துக்கு லாபிடோமெரா என்று பெயர். அதுவும் கனடாவில் உண்டு. படங்களை இங்கே இணைக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.


வண்டுநோக்கி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

அம்மா அவர்களுக்கு வணக்கம். மேலே நண்பர் குறிப்பிட்ட இலைவண்டு உருண்டு திரண்ட உடலும் குட்டையான உணர்கொம்பும் உடையது. நீங்கள் விவரித்ததோ நீளவாக்கில் அமைந்த உடல். அதைவிட முக்கியமாக, பிடித்தவுடன் கீச்சென்று ஒலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். செடி, இடம், மாதம், நிறம், ஒலி ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால், இது நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராவோப்பஸ் டெட்ரோஃப்தால்மஸ் என்னும் இனம் என்பதில் எனக்கு ஐயம் அதிகம் இல்லை. ஆங்கிலத்தில் இதை ரெட் மில்க்வீட் பீட்டில் என்று அழைக்கிறார்கள்.

ஆயினும் நிறத்தையும் புள்ளிகளையும் மட்டும் நம்பி முடிவுக்கு வருவதை நான் எப்போதும் எதிர்ப்பவன். மில்க்வீட் செடியில் உண்டு வாழும் பூச்சிகளில் பல சிவப்பும் கறுப்புமாகவோ, ஆரஞ்சும் கறுப்புமாகவோதான் இருக்கின்றன. ஆகவே நிறம் அங்கே எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. பார்க்க வேண்டிய இடம் தலை. மகனிடம் சொல்லி, வண்டின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து மிக அருகில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீள்கொம்பு வண்டுகள் பலவற்றில் உணர்கொம்பின் அடிப்பகுதி கூட்டுக்கண்ணுக்குள் சற்றே நுழைந்து, கண்ணை அவரைவிதை வடிவில் வளைத்திருக்கும். இந்தப் பேரினத்திலோ அந்த நுழைவு முழுமையாகி, கண்ணையே இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் உணர்கொம்பின் அடிக்கு மேலே ஒரு கண்ணும் கீழே ஒரு கண்ணுமாக, மொத்தம் நான்கு கண்கள் இருப்பதுபோல் தெரியும். ஒன்டாரியோவின் மில்க்வீட் செடியில் அமர்ந்திருக்கும் செந்நிற வண்டுக்கு இந்தப் பிளவுண்ட கண் இருந்துவிட்டால், பேரினத்தைப் பற்றி மேற்கொண்டு வாதிட வேண்டியதில்லை.

அடுத்து இனம். டெட்ராவோப்பஸ் பேரினத்தில் ஏறக்குறைய 25 இனங்கள் உள்ளன. எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில்தான் வாழ்கின்றன. பெரும்பாலும் ஒவ்வோர் இனமும் ஒரு குறிப்பிட்ட மில்க்வீட் வகையையோ, நெருங்கிய சில வகைகளையோ மட்டும் நம்பி வாழ்வது. உங்கள் மகன் வீட்டுச் செடி, விவரத்தைப் பார்த்தால், அஸ்க்லெப்பியாஸ் சிரியாக்கா என்னும் பொது மில்க்வீட். அதில் வாழ்வது டெட்ரோஃப்தால்மஸ். இதற்கு மிக நெருங்கிய தோற்றமுடைய ஃபெமொராட்டஸ் என்ற இனத்தின் உணர்கொம்புக் கணுக்களில் வெளிறிய வளையங்கள் இருக்கும். டெட்ரோஃப்தால்மஸ் இனத்தின் உணர்கொம்போ வளையமின்றிக் கறுத்திருக்கும். தலைக்கும் சிறகுகளுக்கும் இடையிலுள்ள முன்மார்பின் மேல் நான்கு கறுப்புப் புள்ளிகள் உள்ளனவா என்பதையும் பாருங்கள்.

இந்த வண்டை 1771-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் யோகான் ரைன்ஹோல்ட் ஃபார்ஸ்டர். அடுத்த ஆண்டே அவர் கேப்டன் குக்கின் கப்பலில் இயற்கை ஆய்வாளராகப் புறப்பட்டு நமது கேப் டவுனில் இறங்கினார். விவாதத்துக்கு இது தேவையற்றதுதான். தென்னாப்பிரிக்கர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இலைநுனி மட்டும் தின்னப்பட்டிருக்கிறது என்ற உங்கள் குறிப்பு அருமையானது. மில்க்வீட் இலையின் நரம்புகளில் பால் அழுத்தத்தோடு நிறைந்திருக்கிறது. அதை நேரடியாகக் கடிக்கும் பூச்சியின் வாயை அந்தப் பால் பசையாகி ஒட்டிவிடும். எனவே இந்த வண்டு நுனியைத் தின்னத் தொடங்குவதற்கு முன்பு, சற்று உள்ளே தள்ளி நடுநரம்பைக் கடித்து வெட்டிவிடுகிறது. வெட்டிய வழியே பால் வடிந்து தீர்கிறது. வெட்டுக்கு அப்பாலுள்ள நுனிக்குப் பால் எட்டுவதில்லை. வண்டு அந்த நுனியை நிதானமாகத் தின்கிறது. பூச்சிகளின் இந்த நரம்பு வெட்டும் உத்தியை டுசோர்ட், ஐஸ்னர் என்னும் இருவர் 1987-இல் சயன்ஸ் இதழில் விளக்கி எழுதினார்கள். மகன் பார்த்த உறைந்த பால் அந்த வெட்டின் தடயம்தான்.


கரும்புக்காடு (டோங்காட்):

கொழுந்தனார் சொல்வதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். டர்பனில் பலூன் செடியின் காயைச் சுற்றிக் கூட்டமாக இருப்பது வண்டே அல்ல, அது நாவாய்ப்பூச்சி. எங்கள் பக்கத்தில் இந்தச் செடிகளில் நான் வழக்கமாகக் காண்பவை இரண்டு: ஒன்று ஸ்பிலோஸ்டெத்தஸ் பண்டூரஸ், மற்றது ஓன்கோபெல்ட்டஸ் ஃபெமெலிக்கஸ். இரண்டும் விதையை நாடி வருபவை. ஆகவேதான் உங்கள் செடியில் அவை இலையை விட்டுக் காயைச் சூழ்ந்திருக்கின்றன.

வேறுபாட்டைக் காண உருப்பெருக்கி தேவையில்லை. முதுகைப் பாருங்கள். வண்டின் முன்சிறகுகள் இரண்டும் கெட்டியான ஓடுகளாகி, முதுகின் நடுவே ஒரே நேர்கோட்டில் பொருந்தியிருக்கும். நாவாய்ப்பூச்சியின் முன்சிறகில் முற்பாதி தோல் போலவும் பிற்பாதி மெல்லிய சவ்வாகவும் இருப்பதால், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, முதுகில் பெருக்கல் குறி போட்டதுபோல் தெரியும். பிறகு பூச்சியை மெல்லப் புரட்டி வாயைப் பாருங்கள். வண்டுக்குக் கடிக்கும் தாடைகள் இருக்கும். நாவாய்ப்பூச்சிக்கோ நெஞ்சின் அடியில் மடித்து வைத்த நீண்ட ஊசிக்குழல் இருக்கும். அது இலையைக் கடிப்பதே இல்லை. குழலைக் காய்க்குள் செலுத்தி விதையின் சாரத்தை உறிஞ்சும். உங்கள் செடியில் இலை கடிபட்ட இடங்கள் இருந்தால், அதற்கு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவையோ, பால்செடிகளைத் தின்னும் அந்தப் பெரிய வெட்டுக்கிளியையோதான் ஐயப்பட வேண்டும்.

இன்னொரு வழி: குஞ்சுகள். பெரிய பூச்சிகளுக்கு நடுவே சிறகு முளைக்காத, அதே சாயலுள்ள சிறிய பூச்சிகள் கலந்திருந்தால் அது நாவாய்ப்பூச்சிக் கூட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வண்டின் குழந்தைப்பருவம் புழு வடிவில் இருக்கும். அது தாயின் சாயலில் இருக்காது.


செடிப்பிரியை (சாட்ஸ்வொர்த், டர்பன்):

மூவருக்கும் நன்றி. காலையில் செடியருகே சென்று பார்த்தேன். முதுகில் பெருக்கல் குறி தெளிவாகத் தெரிகிறது. சிறகில்லாத சிறிய செம்பூச்சிகளும் நிறைய இருக்கின்றன. கொழுந்தனாருக்கு டோங்காட் ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்; அவர் மறுத்துப் பேசவில்லை.

மகனும் புதிய படங்களை அனுப்பிவிட்டான். உணர்கொம்பில் வளையம் இல்லை. முன்மார்பில் நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. கண்ணைப் பொறுத்தவரை, உணர்கொம்பின் அடிக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டும் கீழே ஒரு கறுப்புத் திட்டும், நடுவில் சிவப்பு நிறத் தோலும் தெரிகின்றன. ஆகவே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா சொன்ன இனம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு வண்டும் இங்குள்ள ஒரு நாவாய்ப்பூச்சியும் உறவே இல்லாமல் ஒரே உடையை உடுத்தியிருப்பது எப்படி? எருக்கம்பால் நஞ்சு என்று சிறு வயதிலிருந்து பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே குடும்பத்துச் செடியின் பாலில் இவை எப்படி உயிரோடு இருக்கின்றன? இரண்டாவது, விதையைப் பற்றி யாரும் எழுதவில்லை.


வேதியியல் ஆசிரியை (லெனேசியா):

முதல் கேள்விக்கு நான் முயல்கிறேன். பாட்டி சொன்னது முற்றிலும் சரி. எருக்கும், மில்க்வீடும், நம் பலூன் செடியும் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் பாலில் கார்டினோலைட் எனப்படும் நச்சுப்பொருள்கள் உள்ளன. விலங்குகளின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. நரம்பும் இதயமும் இயங்குவதற்கு அது இன்றியமையாதது. கார்டினோலைட் அந்தப் புரதத்தில் சென்று பொருந்தி அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. கூடுதலாக உண்ட கால்நடையின் இதயத்துடிப்பு தாறுமாறாவது இதனால்தான்.

இந்தச் செடிகளையே நம்பி வாழும் பூச்சிகள் பலவற்றில் அந்தப் புரதத்தின் அமைப்பு சிறிது மாறியிருக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியில், புரதத்தின் 122-ஆம் இடத்தில் அஸ்பராஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அமர்ந்திருக்கிறது. அந்த ஒரு மாற்றமே நச்சின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. 2012-இல் வெளிவந்த ஆய்வுகள் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டின: வண்ணத்துப்பூச்சி, வண்டு, ஈ, நாவாய்ப்பூச்சி என நான்கு வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்த பூச்சிகளில், ஒன்றிடமிருந்து ஒன்று பெறாமல், தனித்தனியே இதே மாற்றம் தோன்றியிருக்கிறது. என் மாணவர்களுக்குப் பரிணாமத்தைக் கற்பிக்கும்போது இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்படி நச்சைத் தாங்கக் கற்ற பூச்சிகள் பல அதை உடலில் சேமித்தும் வைக்கின்றன. செந்நிற மில்க்வீட் வண்டும் அவற்றுள் ஒன்று. சேமித்த நஞ்சை யாரும் உண்டு பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் பூச்சி இறந்துவிடும் அல்லவா? ஆகவே முன்கூட்டியே எச்சரிக்கும் நிறம் வேண்டும். பசுமைக்கு நடுவில் பறவையின் கண்ணில் உடனே படுவதும், ஒருமுறை கசந்தால் மறக்காமல் நினைவில் நிற்பதும் சிவப்பும் கறுப்பும் சேர்ந்த கோலம். ஒன்டாரியோவிலும் டர்பனிலும் பறவைகள் கற்கும் பாடம் ஒன்றே என்பதால் பூச்சிகளின் உடையும் ஒன்றாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இந்தச் செடிகளைக் கையாண்ட பிறகு கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கலாகும். உடனே நிறைய தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேரனிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.


வண்டுநோக்கி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

நீங்கள் விவரித்த கண், உணர்கொம்பு, முன்மார்பு மூன்றும் பொருந்துவதால் இனம் உறுதி.

விதைக்கு வருகிறேன். வண்டு விதையோடு வராது. காரணம் அதன் வாழ்க்கைமுறையில் இருக்கிறது. பெண் வண்டு மில்க்வீட் காயிலோ விதையிலோ முட்டையிடுவதில்லை. செடிக்கு அருகிலுள்ள புல்லின் தண்டிலோ காய்ந்த தண்டுகளிலோதான் இடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மண்ணில் விழுந்து, தோண்டிச் சென்று, மில்க்வீடின் வேரையும் மண்ணுக்குள் படரும் தண்டையும் தின்று வளர்கிறது. பனிக்காலம் முழுவதையும் மண்ணுக்குள்ளேயே கழித்து, வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, கோடையின் தொடக்கத்தில் வண்டாக மேலே வருகிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. ஆகையால் வேரோடும் மண்ணோடும் செடியைப் பெயர்த்து அனுப்பினால்தான் ஆபத்து. உலர்ந்த விதையில் இல்லை.

இதே காரணத்தால்தான் மகன் அந்த வண்டுகளைக் கொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்கிறேன். பெரிய வண்டுகள் தின்பது இலைநுனிகளையும் சில பூக்களையும் மட்டுமே. புழுக்கள் வேரைத் தின்றாலும், பொது மில்க்வீட் வேர்த்தண்டால் பரவும் செடி. ஒரு தண்டு மெலிந்தால் பக்கத்தில் இன்னொன்று எழும். இந்தச் செடியும் வண்டும் மிக நீண்ட காலமாகச் சேர்ந்தே வாழ்கின்றன. ஃபாரல், மிட்டர் என்னும் ஆய்வாளர்கள் 1998-இல் இவ்விரண்டின் வம்சாவளிகளையும் ஒப்பிட்டு, செடி கிளைத்த வரிசையோடு வண்டு கிளைத்த வரிசையும் பெருமளவு ஒத்துப்போவதாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் வண்டு வராது என்பதால் விதையை வரவழைக்கலாம் என்று பொருளில்லை. தென்னாப்பிரிக்காவின் 1983-ஆம் ஆண்டு வேளாண் பூச்சிகள் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். உறவினர் அஞ்சல் உறையில் போட்டு அனுப்புவதும் இறக்குமதிதான். அதற்கும் மேலே, இந்தச் செடி தன் ஊரை விட்டு வெளியேறினால் அடங்கி வளர்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இதை ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. சொந்த மண்ணான ஒன்டாரியோவிலேயே 2014 வரை இது சட்டப்படியான களையாகக் கருதப்பட்டு வந்தது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் நலன் கருதித்தான் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.


கரும்புக்காடு (டோங்காட்):

நானும் அதையே சொல்ல வந்தேன். அந்த விதை குளிரை அனுபவித்தால்தான் நன்றாக முளைக்கும். டர்பனின் குளிர்காலம் அதற்குக் குளிராகவே தோன்றாது; சில வாரங்கள் ஈரத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பலூன் செடி இந்த மண்ணுக்கே உரியது. முன்பு அதையும் அஸ்க்லெப்பியாஸ் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். இப்போது கோம்ஃபோகார்ப்பஸ் ஃபைசோகார்ப்பஸ் என்கிறார்கள். வெந்தய வரியன் அதில் தாராளமாக முட்டையிடும். இங்கே அதன் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்பவை பெரும்பாலும் குளவிகள். காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். விதை உண்ணும் நாவாய்ப்பூச்சிகள் மிகுதியாகிவிட்டதாகத் தோன்றினால், சில காய்களை மட்டும் மெல்லிய துணிப்பையால் கட்டி வைத்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து தெளித்தால் வரியனின் புழுக்களும் சேர்ந்து சாகும்.


செடிப்பிரியை (சாட்ஸ்வொர்த், டர்பன்):

விதை அனுப்ப வேண்டாம் என்று மகனுக்கு எழுதிவிட்டேன். கண்ட உயிரினங்களைப் பலரும் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களைப் பதியலாமா? என் கணக்கில் நான் பதிந்தால் தவறாகுமா?


வண்டுநோக்கி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

மகன் தன் கணக்கில் பதிவதே முறை, கண்டவர் அவர்தான். வேறு வழியின்றி நீங்கள் பதிவதாக இருந்தால், பூச்சியைக் கண்டவர் மகன் என்பதைக் குறிப்பில் எழுதி, இடத்தை ஒன்டாரியோ என்றும் நாளைப் படம் எடுத்த நாள் என்றும் கவனமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் தளம் உங்கள் கைபேசியின் இருப்பிடத்தை எடுத்துக்கொண்டு, சாட்ஸ்வொர்த்தில் டெட்ராவோப்பஸ் கண்டுபிடிக்கப்பட்டதாகக் காட்டும். அதைத் திருத்துவதற்குள் பலர் பதறிவிடுவார்கள். முகத்தின் பக்கவாட்டுப் படத்தை முதலாவதாகவும், முதுகுப் படத்தை அடுத்ததாகவும், செடியின் இலையும் பூவும் தெரியும் படத்தை மூன்றாவதாகவும் வையுங்கள். உங்கள் பலூன் செடியின் நாவாய்ப்பூச்சியைத் தனிப் பதிவாக, சாட்ஸ்வொர்த் இடக்குறிப்போடு இடுங்கள். பண்டூரஸா ஃபெமெலிக்கஸா என்பதை முதுகுப் படத்தை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.